தேசிமரத்துப் பச்சைச் செதில்

கோண்டாவில்,
ஆவணி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. முழங்கால் நோ குறைந்துவிட்டதென்று எழுதியிருந்தாய், பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பெடியன் பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் நலம். பதில் பிந்தியதற்குக் காரணம் கிணற்றடித் தேசிமரம்.

அம்மா நட்ட மரம், உனக்குத் தெரியும். ஆனியில் இலையெல்லாம் கரி பூசினமாதிரிக் கறுத்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டேன். "பூச்சி விழுந்திருக்கு, மருந்தடிச்சால்தான் சரிவரும்" என்று ஒரு போத்தலைத் தந்தார்கள். அடித்தேன். ஒரு மாதத்தில் முன்னையிலும் மோசம். அதன்பிறகுதான் ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தேன். அதை முதலே செய்திருக்க வேண்டும். நடுநரம்பின் இரு கரையிலும் வரிசையாக, இலையின் நிறத்திலேயே, தட்டையாகப் பச்சைச் செதிற்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் அளவுதான். பேத்தியின் கைவில்லையை வாங்கிப் பார்த்தால், முதுகுக்குள்ளால் ஒரு கரிய வளையம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அதன் குடல்தான் அது.

படிக்கிற காலத்தில் இவை இலையின் கொப்புளம் என்று நீ சாதித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன்னில் பிழையில்லை. வளர்ந்த பெண்ணுக்குச் செட்டையில்லை, நடப்பதும் அரிது. ஆனாலும் அது அசுகணிக்கும் வெண்ஈக்கும் சொந்தக்காரி. செதிற்பூச்சிகளில் மென்செதில், கவசச்செதில் என்ற இரண்டு குடும்பத்தையும் பிரிக்க ஒரு சுலபமான வழியுண்டு. நகத்தால் கிளப்பினால் கவசச்செதிலின் ஓடு தனியாகக் கழன்று வரும், பூச்சி கீழேயே கிடக்கும். மென்செதிலில் ஓடும் உடலும் ஒன்றே. நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பிளவும், அதன் உள்முனையில் இரண்டு சிறிய முக்கோணத் தகடுகளும் இருக்கும். அது கொக்சிடே, அதாவது மென்செதில், குடும்பத்தின் முத்திரை.

இதன் பெயர்க் கதையை உனக்குத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது உன் ஊர்க் கதை. எட்வேர்ட் ஏர்னெஸ்ட் கிறீன் என்ற ஆங்கிலேயர் உங்கள் மலைநாட்டுப் பூண்டுலோயாவில் இருந்துகொண்டு செதிற்பூச்சிகளைச் சேகரித்தார். இந்தப் பச்சைப் பூச்சிக்கு 1889இல் லெக்கானியம் விரிடே என்று பெயர் வைத்தவர் அவர்தான். பிறகு 1896 தொடக்கம் 1922 வரை இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றி ஐந்து பாகங்கள் எழுதினார். அந்தக் காலத்துக் கோப்பித் தோட்டங்களை 1869இல் தென்பட்ட இலைத்துரு ஏற்கெனவே உருக்குலைத்திருந்தது. மிஞ்சிய கோப்பியில் 1880களில் இந்தப் பச்சைச் செதிலும் ஏறியது. இப்போது நீ நடக்கிற தேயிலைச் சரிவுகளில் அவர் வில்லையோடு குனிந்து நின்றிருப்பார் என்று நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பின்னாளில் பூச்சியை கொக்கஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். லெக்கானியம் இலத்தீனில் அலிப்பால், கொக்கஸ் ஆண்பால். அதனால் விரிடே என்பது விரிடிஸ் ஆயிற்று. விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் எழுதும், பெயர் வைத்தவர் பெயரும் அடைப்புக்குறிக்குள் போயிற்று. பேரினம் மாறியதற்கு அந்த அடைப்புக்குறிதான் சாட்சி. கொக்கஸ் என்றால் கிரேக்கத்தில் மணி, தானியம். இந்த இனத்துப் பூச்சிகளை விதையென்றே பழைய ஆட்களும் நம்பியிருந்தார்கள். நீ தனியாளில்லை.

இதற்கு ஆண் தேவையில்லை. தாய் தனியாகவே இனம்பெருக்கும். முட்டைகள் அவள் வயிற்றின் கீழேயே கிடந்து, இட்ட சிறிது நேரத்தில் பொரித்துவிடும். குஞ்சுகளுக்கு ஆறு கால். வாழ்நாளில் அவை நன்றாக நடப்பது அந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான். சோளகக் காற்று சிலவற்றை அடுத்த வளவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இடம் பிடித்ததும் ஊசிபோன்ற வாயை, செடியின் உணவுச்சாறு ஓடும் குழாயான உரியத்துக்குள் செருகிவிடும். உரியச் சாற்றில் சீனி மிகுதி, புரதத்துக்கான சத்துச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக அது நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சீனியை அந்த முக்கோணத் தகடுகளுக்கு இடையால் துளித்துளியாக வெளியேற்றுகிறது. கீழிலையில் சிந்துகிற அந்தத் தேனில்தான் கரும்பூஞ்சணம் வளர்கிறது. நான் நோயென்று நினைத்த கறுப்பு அதுதான்.

அந்தத் தேனுக்காகவே முசுறு எறும்பு ஏறுகிறது. செதிலைத் தின்னவரும் பொறிவண்டையும், அதற்குள் முட்டையிட வரும் சின்னக் குளவியையும் அது அண்டவிடாது. மருந்தடிக்காத கொய்யாவில் போய்ப் பார்த்தேன். செத்த செதில்கள் பலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு துளை, குளவி வெளியேறிய வழி. தேசியில் ஒன்றில்கூட அது இல்லை. நான் அடித்த மருந்து குளவியைக் கொன்றது, தாயின் கீழே பதுங்கிய முட்டைகளை விட்டுவிட்டது என்றுதான் படுகிறது. அம்மாவின் மரத்துக்கு நானே செய்த வினை. நினைக்க மனம் பொறுக்கவில்லை.

மிச்ச மருந்தை இனி அடிக்கப்போவதில்லை. அடிமரத்தில் துணி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசியிருக்கிறேன். கொய்யாவையும் மதிலையும் தொட்டுக்கொண்டிருந்த கொப்புகளை வெட்டிவிட்டேன், முசுறுக்கு வேறு பாதை இல்லாமல். இலையின் அடிப்பக்கத்தைச் சவுக்காரத் தண்ணியால் கழுவுகிறேன். மாரி தொடங்கினால் இன்னொரு துணையும் வரலாம். ஈரக் காலத்தில் செதிலைச் சுற்றி வெள்ளை வளையமாகப் படர்ந்து அதைக் கொல்லும் ஒரு பங்கசு உண்டு. உங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லையே. வீட்டு முற்றத்தில் கோப்பிச்செடி நிற்கிறதென்று எழுதியிருந்தாய். அதன் இலையைத் திருப்பிப் பார்த்து, வெள்ளை வளையம் தெரிந்தால் உடனே எழுது. இங்கே எத்தனை செதிலில் துளை விழுந்ததென்று எண்ணி மார்கழியில் நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்