மலை ஏற்ற வேண்டாம், ஏரிக்கரையில் நடக்க விடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும் நீர்வளத்துறை, வனத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து முதலில் ஒரே ஓர் ஏரி. அதன் கரையில் மூட்டு தேய்ந்தவர்களும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய்மார்களும் பயமில்லாமல் போய் வர ஒரு மண்பாதை. கோரிக்கை இவ்வளவுதான். மடல் நீளமாக இருப்பதற்குக் காரணம், இதுபோன்ற வேலைகள் நம் ஊரில் எங்கே வழி தவறும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்பதுதான்.

அரசு நடையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி அத்தனை உயிர்கள் போன பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தி, 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ வந்தது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், முன்பதிவு, கூடவே வழிகாட்டி. நம் குத்திராயன் மலையும் அதில் உண்டு. நல்ல திட்டம். ஆனால் அது கால் திடமாக இருப்பவர்களுக்கானது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ தொடங்கினார்கள், மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. எட்டு என்று கேட்டதுமே என் போன்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். எங்களுக்கு ஒரு கிலோமீட்டர் போதும், அது மட்டமாக இருக்க வேண்டும், நடுவில் உட்கார இடம் வேண்டும், தண்ணீரும் பறவையும் கண்ணில் பட வேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியம்தான் என்று எனக்குத் தெரிந்தது அமெரிக்காவின் கொலராடோவில். மகள் வேலை பார்ப்பது டென்வர் பக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில்தான் வெளியே போகிறார். அவரையும் கூட்டிக்கொண்டு ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனோம். 1915இல் அமைந்த பூங்கா அது. அதிலுள்ள லாங்ஸ் சிகரத்தின் உயரம் 4,300 மீட்டரைத் தாண்டும். அங்கே போய் இவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஸ்ப்ரேக் ஏரி என்று ஒன்று. கிட்டத்தட்ட 2,650 மீட்டர் உயரத்தில், அதாவது நம் தொட்டபெட்டா உச்சியளவு உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீரைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஒரு சுற்றுப்பாதை, தரை போல மட்டம். சிமெண்ட் கிடையாது, நெருக்கி இறுக்கிய சரளைதான். ஈரமான இடங்களில் மட்டும் மரப்பலகைப் பாலம். எதிரே பனி ஒட்டிய சிகரங்கள். மகள் நாற்காலியைத் தள்ள, நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். அந்த உயரத்தில் காற்று மெலிசு. நாற்காலியில் இருந்தவருக்குத்தான் கஷ்டமே இல்லை!

அந்தப் பூங்காவில் ஏரிகள் ஏராளம், பெரும்பாலும் பனியாறுகள் செய்தவை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தாக்கு முழுக்க நிரம்பியிருந்த பனிக்கட்டி, மெல்ல நகர்ந்து பாறையைக் குடைந்து, வழியில் அள்ளிய கல்லையும் மண்ணையும் ஓரத்திலும் முகப்பிலும் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. குடைந்த பள்ளத்திலும் குவித்த மேட்டுக்குப் பின்னாலும் தண்ணீர் தேங்கிவிட்டது. அங்குள்ள ‘பேர்’ (Bear) ஏரி அப்படி வந்தது. யாரும் மண் சுமக்காமல் பனி போட்ட கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாங்கள் சுற்றிய ஸ்ப்ரேக் ஏரி அப்படி வந்ததில்லை. ஆப்னர் ஸ்ப்ரேக் என்பவர் அங்கே விருந்தினர் விடுதி நடத்தினார். வந்து தங்குபவர்கள் மீன் பிடிக்கட்டும் என்று தண்ணீரை மறித்துக் கட்டிய ஏரி அது. விடுதி இப்போது இல்லை, ஏரி இருக்கிறது. அவ்வளவு பெரிய பனிமலைப் பூங்காவில், நடக்க முடியாதவர்களைச் சுலபமாகத் தண்ணீரோரம் கொண்டுபோகும் பாதை, மனிதர் மறித்த தண்ணீரைச் சுற்றித்தான் போகிறது. ஏரி வெட்டுவது நமக்குத் தெரியாத வேலையா, ஐயா?

பேர் ஏரியிலிருந்து மேலே போகும் பாதையையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் நிம்ஃப் ஏரி வந்துவிடும். இரண்டு கிலோமீட்டருக்குள் ட்ரீம் ஏரி. மூன்று கிலோமீட்டருக்குள் எமரால்ட் ஏரி. எல்லாம் ஒரே பாதை. முடிந்தவர் கடைசி வரை போகலாம், முடியாதவர் முதல் ஏரியிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். தோற்றுத் திரும்பிய மாதிரி இருக்காது, ஏரியைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறோம். எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம், நாற்காலி போகுமா போகாதா என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள முடிகிறது. நம் ஊரில் “கொஞ்ச தூரம்தாம்மா” என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பது திரும்பி வரும்போதுதான் தெரியும்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாதையைக் காட்டுக்குள் போட வேண்டாம். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் யானைகள் நடமாடும் இடம். 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர். ராகி முற்றும் காலத்தில் கூட்டம் கூட்டமாக யானைகள் வயலுக்கு வருவதும், வனப் பணியாளர்கள் ராத்தூக்கம் இல்லாமல் விரட்டுவதும் நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அங்கே முதியவர்களுக்குப் பாதை போடுவது அவர்களுக்கும் ஆபத்து, யானைக்கும் தொல்லை. கொலராடோவிலேயே எல்க் மான்கள் இணைசேரும் பருவத்தில் மாலை முதல் காலை வரை சில புல்வெளிகளில் கால் வைக்கக் கூடாது. மற்ற நேரத்திலும் எல்க்கிடமிருந்து 75 அடி, கரடியிடமிருந்து 120 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ஒகேனக்கல்லும் வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்றைக்கு அங்கே நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், தெரியும்.

ஏரிக்கரைதான் சரியான இடம். தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வந்து சேரும் பாரூர் பெரிய ஏரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், ஏற்கெனவே படகு இல்லமும் பூங்காவும் அமைத்த அவதானப்பட்டி ஏரி இருக்கிறது. தருமபுரிக்கு ராமக்காள் ஏரி. என்னைக் கேட்டால் பாரூரில் தொடங்குவேன். நகரத்துக் கூட்டம் வராத இடத்தில் முதலில் செய்து பார்ப்பது நல்லது. பழகிய பிறகு ஊருக்குப் பக்கத்தில் வரலாம்.

முழுச் சுற்று நம் ஏரிகளில் வராது. ஒரு பக்கம்தான் கரை, மறுபக்கம் நீர்ப்பிடிப்பு. தண்ணீர் வற்றினால் மாடு மேயும், அதை ஒட்டிப் பட்டா நிலம். சுற்றுப்பாதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நில எடுப்பு, வழக்கு என்று இருபது வருடம் ஓடிவிடும், நாங்கள் இருக்க மாட்டோம். கரை மேலேயே மதகிலிருந்து, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரைக்கும் போய்த் திரும்பும் பாதை போதும். கலங்கலைத் தாண்டவே வேண்டாம்.

கரையின் மேல் சிமெண்ட் கல் பதிக்கும் யோசனை வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மண்கரை அமுங்கும், நகரும். ஒரு மழைக்காலம் போனால் கற்கள் எழுந்து நிற்கும், நாற்காலியின் முன்சக்கரம் அதில்தான் மாட்டும். மொரம்பைக் கொட்டி, மேலே கிரஷர் பொடி போட்டு, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் போதும். பள்ளமானால் ஊர் ஆட்களே நிரவிக்கொள்ளலாம். கிரானைட் குவாரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? உடைந்த பலகைக் கற்களை வாங்கி நூறடிக்கு ஒன்றாகப் போட்டால் உட்கார இடம் ஆயிற்று. கரை மேல் ஏறும் சரிவை மட்டும் அளந்து செய்யுங்கள். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் என்பது கட்டடச் சாய்தளத்துக்கான கணக்கு. கரைக்கு இருபது அடி இருந்தால் தள்ளுபவர் பிழைப்பார்.

பைக் பிரச்சினைக்கு வருகிறேன், இதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். பைக் நுழையாமலிருக்க வாசலில் கம்பி நடுவார்கள். சக்கர நாற்காலிக்கு மூன்றடி இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் போகும். இடைவெளியைக் குறைத்தால் நாற்காலி வெளியே நிற்கும், பைக்காரன் பக்கவாட்டில் சரிவில் ஏறி உள்ளே வந்துவிடுவான். கம்பியால் இது தீராது. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் கரையில் பாட்டில் உடைபடுவதும் அந்த ஓர் ஆளால் பாதி குறையும். பாதைக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் அவருடைய சம்பளத்தை எழுதிவிடுங்கள், மிச்சத்தில் பாதை போடுங்கள். கழிப்பறைக்கும் அதே கணக்குதான். கட்டுவது சுலபம், கழுவ ஆள் போடாமல் கட்டாதீர்கள்.

உயரக் கம்பத்து விளக்குகள் வேண்டவே வேண்டாம். நீர்க்காகமும் தாழைக்கோழியும் தங்குமிடம் அது, இருட்டினால் நாங்கள் வீட்டில் இருப்போம். கரையிலுள்ள பனைமரங்கள் அப்படியே நிற்கட்டும், சீமைக் கருவேலத்தை மட்டும் எடுங்கள். செல்ஃபி எடுக்கப் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர் வைக்கும் செலவையும் மிச்சப்படுத்தலாம்.

ஆயக்கட்டு விவசாயிகளை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். தண்ணீர் அவர்களுடையது. மதகைத் திறக்கிற நாளில் நடப்பவர்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், விவசாயிகள் அல்ல. மீன் குத்தகைக்காரர்களின் வண்டி கரை மேல் வரத்தான் செய்யும். எந்த நேரம் வண்டிக்கு, எந்த நேரம் எங்களுக்கு என்று பேசி ஒரு பலகையில் எழுதிவிட்டால் சண்டை இருக்காது.

வரைபடம் போடும் முன் ஒரு நாள் காலையில் உங்கள் பொறியாளரைப் பாரூர் கரைக்கு அனுப்புங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை மதகு வரை போய் வரட்டும். நாற்காலியை நாங்கள் கொண்டுவருகிறோம், தள்ளவும் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்தில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை