யு/ஏ எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்

திரைப்படத் தணிக்கைக் குழுவினருக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தபோது பிள்ளை வளர்க்கிறவர்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த எண் வயதைச் சொல்கிறதே தவிர, எதனால் அந்த வயது என்று சொல்வதில்லை. ரத்தமா, கெட்ட வார்த்தையா, குழந்தையைக் கடத்துகிற காட்சியா? 'ஏ' படத்துக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளே விடக்கூடாது. யு/ஏ என்றால் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். சரி, எதை வைத்து முடிவு செய்வது? அந்த எழுத்துக்குப் பக்கத்தில், போஸ்டரிலும் டிக்கெட் கவுண்டரிலும், படத்தில் என்ன மாதிரிக் காட்சி இருக்கிறது என்று ஒரு வரி எழுத ஏற்பாடு செய்யுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

பேய்ப் படத்துக்கு நாங்கள் பிள்ளையைக் கூட்டிப் போவதில்லை. போஸ்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கோடை விடுமுறையில் நாங்கள் போனது குடும்பப் படம். திருவிழா, தாய்மாமன், சீர்வரிசை, நகைச்சுவை என்றுதான் விளம்பரம். என் அம்மா முதல் எட்டு வயது மகள் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து இடைவேளை வரை சிரித்தோம். அப்புறம், பழிவாங்க வந்தவன் அந்த வீட்டுச் சிறுமியைத் தண்ணீர் சம்ப்புக்குள் இறக்கி மூடியைப் போடுகிறான். திரை கறுப்பாகிறது. உள்ளிருந்து தட்டுகிற சத்தம் மட்டும் முன்னால், பின்னால், தலைக்கு மேலே என்று எல்லா ஸ்பீக்கரிலும் கேட்கிறது. மகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஒவ்வொருவர் முழங்காலாகத் தாண்டி வெளியே வருவதற்குள் காட்சியே முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டு வாசலிலும் சம்ப் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் மூடியைத் திறந்தால் மகள் வாசற்படியை விட்டு இறங்குவதில்லை. நிரம்பியதும் அவள் அப்பா மூடியைத் தள்ளப் போவார். "அப்பா, உள்ள யாரும் இல்லைல்ல? டார்ச் அடிச்சுப் பாருங்கப்பா" என்பாள். அவர் ஒவ்வொரு முறையும் மண்டியிட்டு, நாலு மூலையிலும் வெளிச்சம் காட்டுவார். அதற்கு அப்புறம்தான் மூட விடுவாள். குளியலறைக் கதவையும் சாத்த விடுவதில்லை. குழந்தைதானே, மறந்துவிடும் என்கிறார்கள். இன்னும் மறக்கவில்லை.

இதே படம் ஓடிடியில் வந்தால் நிலைமை வேறு. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அங்கே வயதுக் குறியோடு உள்ளடக்கம் எப்படிப்பட்டது என்றும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். எதையும் நிறுத்த முடியாத தியேட்டரில்தான் அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. அங்கே எங்களுக்கு எண் மட்டும்தான். பிரிட்டனில் வயதுக் குறியோடு வன்முறை, மிரட்டல் என்று சிறு குறிப்பும் கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் திரையில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வந்துவிடுகிறது. நல்ல விதிதான். சிகரெட்டுக்கு முடிந்தது, சிறுமியை உயிரோடு அடைக்கிற காட்சிக்கு ஏன் முடியாது?

தேவையில்லாத, தவிர்க்கக்கூடிய வன்முறையும் கொடுமையும் பயங்கரமும் கூடாது என்று தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. எது தேவை என்று இயக்குநரோடு நான் வழக்காடவில்லை. காட்சியை வெட்டவும் சொல்லவில்லை. பெரியவர்கள் பார்க்கட்டும். எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

தியேட்டர்காரர்களிடமும் கேட்க நிறைய இருக்கிறது. நெஞ்சு அதிர்கிற அளவுக்குச் சத்தம் வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் நிறைந்த காட்சியிலும் இடைவேளையில் அரிவாள் வெட்டு டிரெய்லர் போடுகிறார்கள். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுபோக விடுவதில்லை. குடும்பங்கள் தியேட்டருக்கு வருவதில்லை என்று வருத்தப்படுகிறவர்களும் இவர்கள்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஊர் இது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அந்தப் படங்களைக் கைக்குழந்தையோடு போய்ப் பார்த்தவர் என் அம்மா. "இனிமே புள்ளையக் கூட்டிட்டுப் போறதா இருந்தா என்னையக் கூப்பிடாதீங்க" என்கிறார் இப்போது.

அதெல்லாம் உங்கள் பொறுப்பு இல்லை என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். படத்தை முழுதாகப் பார்த்துத்தான் சான்றிதழ் தருகிறீர்கள். பார்த்ததை ஒரு வரியில் எங்களுக்கும் சொல்லுங்கள்: 'இடைவேளைக்குப் பின், குழந்தையை அடைத்து வைக்கும் காட்சி உண்டு.' இந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்று மகளை அம்மாவோடு வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்போம்.

தீபாவளிப் படங்களுக்குச் சான்றிதழ் எழுதும்போதே இதைத் தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அம்மாப்பேட்டை, சேலம்.