இந்தோனேசியாவில் தேநீர் கேட்கும் மொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியா செல்வோருக்காக வெளியாகும் பயணக் குறிப்புகள் கோயில்களையும் கடற்கரைகளையும் விரிவாகச் சொன்னாலும், அங்குள்ள ‘வாருங்’ எனப்படும் சிறு கடையில் ஒரு தேநீர் கேட்டு வாங்கும் மொழியைச் சொல்லாமல் விடுவது பெருங்குறை. யோக்யகர்த்தாவில் நான் வெறுமனே ‘தே’ என்று கேட்டபோது, அடியில் சர்க்கரை கரையாமல் படிந்திருந்த கண்ணாடிக் குவளையே வந்தது. நீரிழிவு உள்ள என் மனைவியால் அதைப் பருக இயலவில்லை. ‘தே தாவார்’ என்றிருந்தால் இனிப்பில்லாத் தேநீர் கிடைத்திருக்கும். இனிப்புடன் வேண்டுமெனில் ‘தே மானிஸ்’; பனிக்கட்டியும் வேண்டுமெனில் முன்னால் ‘எஸ்’ சேர்த்தால் போதும். குடிநீரை ‘ஆயிர் பூத்திஹ்’, அதாவது வெள்ளை நீர், என்பார்கள். ‘கோப்பி துப்ருக்’ என்பது காப்பிப் பொடியின்மேல் கொதிநீர் ஊற்றி வடிகட்டாமல் தருவது. பொடி அடியில் தங்கும்வரை பொறுத்திருந்துதான் குடிக்க வேண்டும்.

இந்தோனேசிய மொழி, காலத்துக்கும் ஆண்பால் பெண்பாலுக்கும் ஏற்ப வினைச்சொல் மாறாத மொழி என்பதால், கற்பது கடினமன்று. கடைக்கார அம்மாவிடம் ‘பூ, மிந்தா தே தாவார் சாத்து’ (அம்மா, இனிப்பில்லாத் தேநீர் ஒன்று கொடுங்கள்) என்று மறுநாள் நான் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. இத்தகைய சில தொடர்களைத் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை