கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்

எங்கள் ஜமாஅத் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவினருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ரமலானுக்கு முன் நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, நோயாளிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று முறையிட்டதும், "கூட்டம் அதிகம், இடம் போதவில்லை" என்று நீங்கள் பதில் சொல்லி அனுப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று மற்றவர்கள் முன்னிலையில் முழுவதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்மாவின் அனுமதியோடு இப்போது எழுதுகிறேன்.

உம்மாவுக்கு 63 வயது. மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பின் அவருக்கு மீண்டும் உதிரம் படத் தொடங்கியது. என்னிடம்கூடச் சொல்லாமல், மண்ணடியிலிருந்து தனியாக ஆட்டோ பிடித்து உங்களிடம்தான் வந்தார். மருத்துவரின் மேசையைச் சுற்றி ஒரே நேரத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திறந்த வாசலில் டோக்கனோடு இன்னும் நால்வர் நின்றார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவரோ எங்கள் தெருக் குழாயடியில் உம்மா தினமும் பார்க்கும் பெண். "என்னம்மா பண்ணுது, சத்தமா சொல்லுங்க" என்று மருத்துவர் கேட்டபோது உம்மா, "இடுப்பு வலி டாக்டர்" என்றார். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமும் அதே மாத்திரை. மூன்றாம் முறை, "இலவசம்னு சும்மா சும்மா வராதீங்க" என்ற சொல்லும் கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து, துவைக்கப் போட்ட துணியில் கறையை நான் பார்த்த பிறகே உண்மை வெளிவந்தது. அரசு மருத்துவமனையில் கருப்பைப் புற்றுநோய் என்று கண்டறிந்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு ஒரு துளி உதிரம் பட்டாலும் உடனே சோதிக்க வேண்டும் என்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரியும். உங்கள் மருத்துவருக்கும் தெரியும். அதை அவரிடம் சொல்வதற்குத்தான் உம்மாவுக்கு வழியில்லாமல் போனது.

பக்தாதில் மருத்துவமனைத் தலைவராக இருந்து 925ஆம் ஆண்டு வாக்கில் மறைந்த அர்-ராஸி, தம் மாணவருக்கு எழுதிய மடலில் இதையே சொல்லியிருக்கிறார்: பெற்றோரிடமும் பிள்ளையிடமும் மறைக்கும் நோயை, வேறு வழியில்லாததால் மனிதர்கள் மருத்துவரிடம் வெளிப்படுத்துகிறார்கள், ஆகவே அவர் மென்மையாக நடந்து அந்த இரகசியத்தைக் காக்க வேண்டும். அவருக்கும் முன்னே, ஒன்பதாம் நூற்றாண்டில், அர்-ருஹாவி என்ற மருத்துவர் 20 அத்தியாயங்களில் 'அதபுத் தபீப்' என்ற நூலை எழுதினார். மருத்துவரின் நன்னடத்தை என்பதே அந்தப் பெயரின் பொருள். அவர்களுக்கு அக்லாக், அதாவது நற்குணம், என்பது மருத்துவத்துக்கு மேல் பூசும் அலங்காரம் அல்ல. அது இல்லாவிட்டால் நோயாளி வாய் திறக்க மாட்டார், வாய் திறக்காத நோயாளிக்கு எந்தக் கெட்டிக்கார மருத்துவராலும் வைத்தியம் பார்க்க முடியாது.

நாமோ இஸ்லாமிய மருத்துவ நெறி என்றாலே மாத்திரை உறையில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா, இன்சுலின் போட்டால் நோன்பு முறியுமா என்பதோடு நின்றுவிடுகிறோம். அவை தேவையான கேள்விகள்தாம், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஏழைப் பெண்ணிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று நம் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நற்குணங்களை முழுமையாக்கவே தாம் அனுப்பப்பட்டதாகச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் ஜகாத்தும் ஸதகாவும் திரட்டி நடக்கும் இடத்தில், ஜகாத் பெறத் தகுதியுள்ள ஒருவரை இலவசத்தைச் சொல்லிக் குத்திக்காட்டுவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆனில் அல்-பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிப்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோபத்தில் வார்த்தை மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய செலவு அல்ல. ஒரு நேரத்தில் ஒரு நோயாளி மட்டும் உள்ளே இருக்கட்டும். கதவைச் சாத்திய பிறகு கேள்வி கேட்கட்டும். கதவுக்கு வழியில்லை என்றால் டோக்கன் வரிசையைப் பேச்சு கேட்காத தூரத்துக்கு நகர்த்தி, மேசையைச் சுற்றித் திரையாவது போடுங்கள். 1981இல் குவைத்தில் வெளியான இஸ்லாமிய மருத்துவ நெறி ஆவணத்தின் உறுதிமொழி, மனிதரின் கண்ணியத்தைக் காப்பதையும் இரகசியத்தைப் பூட்டி வைப்பதையும் மருத்துவரின் சத்தியமாகவே ஆக்கியிருக்கிறது. அதைத் தமிழில் எழுதி அந்த அறையில் மாட்டுங்கள். ஆனால் முதலில் கதவைச் சாத்துங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. உடம்பு தேறியதும், இன்ஷா அல்லாஹ், மாதாந்திரச் சோதனைக்கு உங்களிடம்தான் வருவார்.

இப்படிக்கு,
உங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு மகள்,
மண்ணடி