லட்டுக்கு இன்னும் ஆறு நாள்

அன்புள்ள செல்வி,

திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு. ஆவணியிலிருந்து நீ அனுப்பிய மெசேஜ் எல்லாம் பார்த்தேன், உன் மாமியார் முட்டி ஆபரேஷனுக்குக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை, தப்புதான். இப்போது நடக்கிறாரா? இங்கே எல்லாரும் நலம். இவர் மாடிப்படி வேலையை வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

விஷயம் சின்னவளைப் பற்றி. தலையில் அந்த வலது பக்கத் தழும்புதான். அப்போது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்களே, புண் ஆறியது, தொடைத் தோலில் தலைமுடி எங்கிருந்து வரும்? பத்து வருஷமாக உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று கிடக்கிறது. கோணல் வகிடு, நாலு கிளிப், காற்றடித்தால் ஒரு கை தலையில். பஸ்ஸில் ஜன்னல் சீட்டே வேண்டாம் என்கிற பிள்ளையை நீ பார்த்திருக்கிறாயா? முதலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பெண் குழந்தைதானே, கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் விக் வாங்கிப் போடுங்கள் என்றார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்! வந்த கோபத்தில் ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் மதுரையில் இந்த பிளாஸ்டிக் சர்ஜன். அவர் கேட்ட முதல் கேள்வியைக் கேட்டால் சிரிப்பாய்: "உங்க வீட்ல பாம்படம் போட்ட ஆச்சி யாராவது இருந்தாங்களா?" எனக்கு உடனே உன் ஆச்சிதான் ஞாபகம் வந்தாள், நாம் அந்தக் காதைப் பிடித்து ஊஞ்சலாட்டி வாங்கிய அடியும். சின்ன வயதில் காது குத்தி, பஞ்சு வைத்து, பனையோலைச் சுருள் வைத்து, கனமான ஈயக் குணுக்கு மாட்டி, பாம்படம் தொங்கவிடத் தோள் வரைக்கும் காதை இறக்கினார்களே, அது வெறுமனே இழுபட்ட தோல் மட்டும் இல்லையாம். விடாமல் மெதுவாக இழுத்தால் செல்கள் பெருகிப் புதுத்தோல் உண்டாகுமாம். பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி. நம் ஊரில் 'காது வளர்த்தாள்' என்றுதானே சொல்வோம்! சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதையே இவர்கள் பையை வைத்துச் செய்கிறார்கள். டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்று பெயர். வெறும் சிலிகோன் பை. தழும்புக்குப் பக்கத்தில், முடியுள்ள தலைத்தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் சொருகித் தைத்துவிட்டார்கள். பையிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் பட்டன் மாதிரி ஒரு வால்வு, அதுவும் தோலுக்கடியில் காதுக்கு மேலே. தையல் ஆற இரண்டு வாரம் விட்டார்கள். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் அதிகாலை பஸ், பட்டர்ஃபிளை ஊசியால் அந்தப் பட்டனில் குத்தி சலைன் ஏற்றுவது, டிரிப்ஸில் போகிற அதே உப்புத் தண்ணீர்தான். ஒரு தடவைக்கு 20, 25 மில்லி. அளவைவிடப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். வலி என்றாலோ, தோல் வெளுத்தாலோ நிறுத்திவிடுவார்கள். கட்டை விரலால் அழுத்தி விட்டதும் சிவப்பு திரும்புகிறதா என்று அந்த சிஸ்டர் பார்க்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பன்னிரண்டு சனிக்கிழமையில் 270 மில்லி. தலையில் ஒரு பக்கம் திருப்பதி லட்டு உட்கார்ந்திருக்கிறது, பேரும் அதுதான், அவளே வைத்தாள். ஸ்கூலுக்கு லீவு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "தொட்டுப் பாருங்க" என்கிறாள்! அத்தைதான் "மண்டைக்குள்ள பலூனா" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1957இல் நியூயார்க்கில் நியூமன் என்கிற டாக்டர் முதன்முதலாக ரப்பர் பலூனை வைத்துத் தோல் வளர்த்தது எதற்குத் தெரியுமா? அடிபட்டுப் போன ஒரு காதைத் திரும்பக் கட்டுவதற்கு! ஆச்சி இருந்தால் "இதுக்குப் போயி நியூயார்க்கா" என்றிருப்பாள். அதில் குழாய் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம். பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1976இல் ராடோவன் என்பவர் சிலிகோன் பையும் வால்வும் முழுக்கத் தோலுக்குள் இருக்கிற மாதிரி கொண்டுவந்தார். மார்பகப் புற்றுநோயில் மார்பை எடுத்தவர்களுக்குத் திரும்ப அமைக்க இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் படித்தது போதாதென்று கிருமி பக்கத்தையும் படித்துத் தொலைத்தேன். பைக்குக் கிருமி பிடித்தாலோ தோல் கிழிந்து பை வெளியே தெரிந்தாலோ, பெரும்பாலும் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாவது வாரம் காதுக்குப் பின்னால் சிவந்திருந்தது. அன்றைக்கு மதுரை போய்ச் சேருகிற வரைக்கும் நான் பேசவே இல்லை. பார்த்தால் மாஸ்க் எலாஸ்டிக் உரசிய சிவப்பு. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வர்ற வியாழக்கிழமை பையை எடுத்துவிட்டு, தழும்பை வெட்டிவிட்டு, வளர்ந்த தோலை இழுத்து மூடித் தைப்பார்கள். முடியின் வேர் புதிதாக முளைக்காதாம், இருப்பதே தள்ளித் தள்ளி நிற்கும், பார்வைக்குத் தெரியாது என்கிறார். தையல் ஓரமாக ஒரு கோடு மிஞ்சும். கோடுதானே, வகிடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

செல்வி, எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. அன்றைக்குக் கஞ்சி வடித்த சட்டியை அவள் இழுத்தபோது நான் வாசலில் உன்னோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினோம் என்று இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை. நீதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாய், செருப்பில்லாமல். இதை நீயும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பை வைத்த அன்றைக்கே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் அதையும் உன்னிடம்தானே சொல்ல வேண்டிவரும்.

சின்னவளுக்கு இப்போது வேறு கவலை. எடுத்த பையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். அது ஆஸ்பத்திரிக் குப்பையில்தான் போகும் என்றதும் வெளியே வந்து ஒரு அழுகை. மூன்று மாதமாகச் சுமந்தாளாம், ஒருநாள் வைத்துக்கொள்ளக்கூடாதா என்கிறாள். பேச்சுவார்த்தை நடக்கிறது, மயக்கம் தெளிந்ததும் ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கிறேன்.

வியாழன் மதியம் வரைக்கும் போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். தை மாதம் வரும்போது அந்தப் பெரிய பல் சீப்பு இரண்டு வாங்கி வா. கிளிப் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

உன்,
குண்டு மல்லி