பாட்டிலில் இருப்பது வேறு, ரத்தத்தில் ஏறுவது வேறு

நிகோட்டின் பொருட்களின் லேபிளுக்கு விதி எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். என் மேசையில் இப்போது மூன்று பொருட்கள் கிடக்கின்றன. ஒரு பழைய காலி சிகரெட் பெட்டி. "20 மி.கி./மி.லி." என்று அச்சிட்ட 10 மில்லி வேப் (மின் சிகரெட்) திரவ பாட்டில். "24 மணி நேரத்துக்கு 21 மி.கி." என்று போட்ட, தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் உறை. மூன்றிலும் இருப்பது ஒரே நிகோட்டின்தான். ஆனால் என் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்று சொல்வது பேட்ச் ஒன்றுதான். இத்தனைக்கும் அந்த ஒட்டுக்குள் 21 மில்லிகிராமைவிட அதிகமாகவே நிகோட்டின் இருக்கும். தோல் வழியாக உள்ளே போகிற அளவைத்தான் உறையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மற்ற இரண்டுக்கும் அந்த நியாயம் ஏன் இல்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் 17 வருடம் புகைத்தவன், நாளுக்கு ஒரு பெட்டி. வேப்புக்கு மாறியபோது என் கணக்கு இப்படித்தான் ஓடியது: ஒரு சிகரெட்டில் சுமார் 12 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கிறதாம், இந்த பாட்டிலில் 6 என்று போட்டிருக்கிறது, அப்படியானால் பாதிதானே? ஒரு சிகரெட்டுக்கான எண்ணையும் ஒரு மில்லி திரவத்துக்கான எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன். கிலோ விலையையும் லிட்டர் விலையையும் ஒப்பிடுவது மாதிரி. லேபிளில் இருந்தது வெறும் எண். அது எதற்கான எண் என்பது கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தது.

அந்த 6 எனக்குப் போதவில்லை. கருவியை வாயிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. உள்ளங்கையில் அது சூடாகவே இருந்தது, தொண்டை காய்ந்தது, ஒரு வாரம் வரும் என்று நினைத்த திரவம் இரண்டு நாளில் தீர்ந்தது. அப்புறம் ஒருவர் சொன்னார் என்று 20 மில்லிகிராம் "சால்ட்" (அமிலம் சேர்த்த நிகோட்டின்) திரவம் வாங்கினேன். பழகின கை பழையபடியே இழுத்தது. பத்து நிமிடத்தில் குப்பென்று வியர்த்து, தலை கிறுகிறுத்து, வாந்தி வருவதுபோல் ஆகி, குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பாட்டிலிலும் லேபிள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனக்குத் தேவையானதையும் சொல்லவில்லை.

சிகரெட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 10 முதல் 14 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கும். பெரும்பகுதி எரிந்தும், நுனியிலிருந்து புகையாகக் காற்றில் போயும், அடிக்கட்டையில் தங்கியும் வீணாகிறது. உடம்பில் சேர்வது சராசரியாக 1 முதல் 1.5 மில்லிகிராம். அதுவும் நிலையான அளவு இல்லை. ஆழமாக இழுத்தால் கூடும், பாதியில் அணைத்தால் குறையும்.

இதில் உங்கள் துறைக்கே ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. "லைட்" சிகரெட்டுகளின் அளவை இயந்திரத்தை வைத்துச் சோதித்தார்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, இரண்டு விநாடி, 35 மில்லி. ஃபில்டரில் இருந்த நுண்ணிய துளைகள் வழியே வெளிக்காற்று கலந்ததால், இயந்திரம் குறைந்த அளவையே காட்டியது. புகைக்கிறவர்களோ அந்தத் துளைகளை விரலாலும் உதட்டாலும் தங்களை அறியாமல் மூடி, கூடுதலாக இழுத்து, வேண்டிய நிகோட்டினை வாங்கிக்கொண்டார்கள். இயந்திரத்துக்கு ஏக்கம் கிடையாதே! அமெரிக்காவின் வணிக ஆணையம் அந்தச் சோதனை முறைக்குத் தந்த ஒப்புதலை 2008-இல்தான் திரும்பப் பெற்றது. 2010-இல் "லைட்", "மைல்ட்" என்ற சொற்களே அங்கே தடை செய்யப்பட்டன. அதற்குள் எத்தனை பேர் "நான் லைட்டுக்கு மாறிவிட்டேன்" என்று நிம்மதியாகப் புகைத்திருப்பார்கள்! நானும் மூன்று வருடம் அப்படிப் புகைத்தவன்தான்.

வேப்பில் அந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. திரவத்தின் செறிவு கதையில் பாதிகூட இல்லை. திரவத்தை ஆவியாக்கும் கம்பிச் சுருள் எத்தனை வாட்டில் சூடாகிறது, ஒரு இழுப்பு எத்தனை விநாடி, நிகோட்டின் சாதா வடிவிலா சால்ட் வடிவிலா என்பதெல்லாம் சேர்ந்துதான் ரத்தத்தில் ஏறும் அளவைத் தீர்மானிக்கின்றன. தொடக்கக் காலக் கருவிகளை 2010 வாக்கில் சோதித்தபோது, பத்து இழுப்புக்குப் பிறகும் ரத்தத்தில் நிகோட்டின் பெரிதாக ஏறவில்லை. அதே திரவத்தைச் சக்தி கூடிய இன்றைய கருவியில் ஊற்றினால் கதையே வேறு. சாதா நிகோட்டின் செறிவு கூடினால் தொண்டையைக் குத்தும், இருமல் வரும். அது ஒரு வகையில் இயற்கையான பிரேக். பென்சாயிக் அமிலம் சேர்த்து சால்ட் ஆக்கினால் அந்தக் குத்தல் அடங்கிவிடுகிறது. செறிவான திரவத்தையும் சிரமமில்லாமல் உள்ளே இழுக்க முடிகிறது.

2015-இல் அமெரிக்காவில் ஜூல் என்ற வேப் வந்தபோது, அதன் திரவக் குப்பியில் "5%" என்று போட்டிருந்தது. ஐந்து சதவீதம் என்றால் யாருக்குப் பயம் வரும்? அது எடைக் கணக்கு. மில்லிக்கு மாற்றினால் சுமார் 59 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் விதித்த உச்சவரம்பே 20 மில்லிகிராம்தான். ஒரு பொருளில் சதவீதம், இன்னொன்றில் மில்லிக்கு இத்தனை, மூன்றாவதில் "600 இழுப்பு". எந்த அலகைப் போடுவது என்பதை விற்கிறவர் இஷ்டத்துக்கே விட்டுவிட்டால், அவருக்குச் சாதகமானதைத்தானே போடுவார்?

அந்த 600 இழுப்பை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 மில்லி திரவம், மில்லிக்கு 20 என்றால் மொத்தம் 40 மில்லிகிராம். 600-ஆல் வகுத்தால் ஒரு இழுப்புக்கு 0.07 கூட இல்லை. அதிலும் கொஞ்சம் கருவியிலேயே தங்கும், கொஞ்சம் மூச்சோடு வெளியே போகும். சிகரெட்டில் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் 1 முதல் 1.5 மில்லிகிராம் கிடைக்கிறது, அதாவது இழுப்புக்கு 0.1 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். இழுப்புக்கு இழுப்பு பார்த்தால் இந்தக் கருவி சிகரெட்டுக்குக் கீழேதான். ஆனால் மொத்தத்தைப் பாருங்கள். இருபது சிகரெட் உடம்புக்குத் தருவது 20 முதல் 30 மில்லிகிராம். 40-இல் எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து, இந்தச் சின்னக் கருவி கிட்டத்தட்ட ஒரு பெட்டிக்கு ஈடாகலாம், அதில் பாதியோடும் நிற்கலாம். எனவே "இது இத்தனை சிகரெட்டுக்குச் சமம்" என்று ஒற்றை எண்ணைச் சொல்கிற எந்த விளம்பரத்தையும் நான் நம்பத் தயாராக இல்லை. நீங்களும் அதை அனுமதிக்கக் கூடாது.

இன்னொன்று. சிகரெட் தானாகத் தீர்ந்துபோகும். ஐந்தாறு நிமிடத்தில் விரலைச் சுடும், அணைப்போம். வேப்புக்கு அந்த முடிவு இல்லை. முன்பு டாக்டர் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டால் "இருபது" என்று சொல்லிவிடுவேன். இப்போது அதே கேள்விக்கு விழிக்கிறேன். எத்தனை இழுப்பு? எத்தனை மில்லி? கடைசியில் அவரே கேள்வியை மாற்றி, "காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. நிகோட்டினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் இரண்டு மணி நேரம். தூங்கி எழும்போது ரத்தத்தில் பெரும்பாலும் வடிந்திருக்கும். தலையணைக்குப் பக்கத்தில் நான் கருவியை வைத்துக்கொள்வது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் வேப்பும் சிகரெட்டும் ஒன்றுதான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். மனிதர்கள் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், புகையில் இருக்கும் தார் என்ற பிசினால் சாகிறார்கள் என்ற பொருளில் பிரிட்டனின் புகைப்பழக்க ஆய்வாளர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-இலேயே எழுதினார். தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையிலை எரிவதில் வருகிறவை. வேப்பில் எரிதல் இல்லை. 2019-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 886 பேர் கலந்துகொண்டார்கள். வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேரும், பேட்ச், நிகோட்டின் சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேரும் ஒரு வருடம் கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பைக் கையில் வைத்திருந்தார்கள். நானும் அந்த ரகம்தான். சிகரெட் போனது, நிகோட்டின் போகவில்லை. குறைத்துக்கொண்டே வந்து விட வேண்டும் என்றால், எவ்வளவு போகிறது என்று முதலில் தெரிய வேண்டாமா?

செறிவுக்கு மட்டும் வரம்பு வைத்தால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். செறிவைக் குறைத்தால் என்னைப் போன்றவர்கள் கூடுதல் திரவத்தை ஊதித் தள்ளி ஈடுகட்டுகிறார்கள். இது சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது, அப்படி இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு போன்றவை கூடவே அதிகமாகப் போவதும் உண்டு.

சரி, என்னதான் கேட்கிறேன்? சதவீதத்தை ஒழித்துவிட்டு, உள்ளே மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். இது ஒரு நாள் வேலை. சால்டா சாதாவா என்பது முன்பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு டோஸுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று குறிப்பிட ஐரோப்பிய ஒன்றியம் 2014-இலேயே விதி எழுதியது, நல்ல எண்ணம்தான். ஆனால் டோஸ் என்பது எத்தனை விநாடி இழுப்பு, எந்தக் கருவியில் என்று தெரியாதவனுக்கு அந்த எண் என்ன சொல்லும்? மறுபடியும் இயந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். மனிதர்கள் தங்கள் வழக்கப்படி இழுக்கட்டும், ரத்தத்தில் நிகோட்டினையும், அது உடைந்து உண்டாகும் கோட்டினினையும் அளந்து பாருங்கள். கோட்டினின் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் நாள் கணக்கு அதில் தெரியும். கிடைப்பதை ஒற்றை எண்ணாகப் போடாமல் "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று போடுங்கள். அகலமான வரம்பாக வந்தால் வரட்டும், அதையே அச்சிடுங்கள்.

பேட்ச் உறையில் இதைச் செய்திருக்கிறீர்கள். அந்த உறையை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேசையில் இன்னும் அந்த 20 மி.கி. பாட்டிலை வைத்திருப்பவன்