கையெழுத்தை நாலு நாள் முன்னால் போடுங்கள்

மாவட்ட ஆட்சியர்களுக்கும், திருவிழா ராட்டினங்களுக்கு அனுமதி தரும் வருவாய், காவல், தீயணைப்பு, பொதுப்பணி, மின் ஆய்வுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். முகம் ஞாபகம் இருக்காது. ராட்சத ராட்டினத்துக்கு அடியில், இன்ஜினுக்குப் பக்கத்தில், சாக்கு சுற்றிய லிவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே ஒருவன் நிற்பானே, அவன்தான் நான். 31 வருஷமாக இந்த வேலை. அதற்கு முன்னால் அப்பாவோடு சேர்ந்து குடை ராட்டினம் தள்ளினேன். எட்டு மரக்குதிரை, ஒரு யானை. யானைக்குத் தும்பிக்கை உடைந்துபோயிருந்தது. ஆனாலும் அதில் ஏறத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்.

நான் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். இதைப் படித்தால் எங்கள் முதலாளி என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் பெயர் போடவில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். ராட்டினத்துக்கான அனுமதியைத் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் தராதீர்கள். நாலு நாள் முன்னால் தாருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ராட்டினம் 60 அடி. 20 பெட்டி, பெட்டிக்கு நாலு பேர். மூன்று லாரியில் வரும். மைதானத்தில் இறங்கியதும் முதல் வேலை மண்ணைப் பார்ப்பது. கரிசல் என்றால் ஒரு மாதிரி, செம்மண் என்றால் ஒரு மாதிரி. அறுத்த வயலைத் திருவிழாத் திடலாக ஆக்கியிருந்தால் ரொம்பவே யோசிக்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும், ஓர் அடி தோண்டினால் ஈரம். இடத்தைச் சமன் பண்ணி, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுவார்களே அந்த மாதிரிக் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் இரும்புச் சட்டம் வைத்து, ரசமட்டம் பிடிக்க வேண்டும். குமிழி நடுவில் நின்றால்தான் மேலே வேலை. அப்புறம் செயின் பிளாக் போட்டு இரண்டு கால்களையும் தூக்கி நிறுத்தி, அச்சை ஏற்றி, கைகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, வளையம் சேர்த்து, இழுகம்பிகளை முறுக்கி, கடைசியில்தான் பெட்டி மாட்டுவோம்.

ஆள் இருந்தால் இதை ஒரே ராத்திரியில் முடிக்கலாம். முடித்தும் இருக்கிறோம். ஆனால் ராட்டினம் நிற்பது வேறு, உட்காருவது வேறு. அத்தனை டன் இரும்பும் ஏறியபின் மண் அடங்கும். முதல் ராத்திரியில் ஒரு பக்கக் கட்டை விரல்கடை அளவு இறங்கியிருக்கும். காலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஆப்பு அடித்துச் சரி செய்ய வேண்டும். போல்ட்டும் அப்படித்தான். முதல் நாள் எவ்வளவு இறுக்கினாலும், மணல் மூட்டை ஏற்றி இருபது ரவுண்டு ஓட்டியபின் ஸ்பானர் போட்டால் கால் சுற்று உள்ளே போகும். இரண்டாம் முறை இறுக்கியபிறகுதான் அது இறுக்கம். இதற்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும். அந்த நேரத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது, கூட ஆள் போட்டும் குறைக்க முடியாது.

அந்த ஒரு ராத்திரியும் ஒரு பகலும்தான் உங்கள் மேசையில் கரைந்துபோகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊர். பெயர் வேண்டாம். எட்டு நாள் திருவிழா. லாரி மூன்றும் வந்து புறவழிச் சாலை ஓரமாக நிற்கின்றன. திருவிழாத் திடலை ஏலம் எடுத்தவர் ஒவ்வோர் அலுவலகமாக அலைகிறார். தீயணைப்பில் மின்சாரத்துக்காரர் கடிதம் எங்கே என்கிறார்கள். மின்சாரத்தில் வருவாய்த் துறை உத்தரவு எங்கே என்கிறார்கள். வருவாயில் காவல் நிலையத் தடையின்மைச் சான்று வரட்டும் என்கிறார்கள். நாங்கள் லாரிக்கு அடியில் சோறு பொங்கித் தின்றுவிட்டுச் சீட்டாடினோம். மூன்று நாள் போனது. நாலாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு உத்தரவு கைக்கு வந்தது. மறுநாள் காலையில் கொடியேற்றம்.

ராத்திரி முழுக்க வேலை. ஜெனரேட்டர் விளக்கு ஒரு பக்கம்தான் விழும், அடுத்த பக்கம் நிழல். பையன்கள் பெரும்பாலும் பீகார்க்காரப் பிள்ளைகள், நல்ல உழைப்பாளிகள். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கண் சொருகத்தானே செய்யும். மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு ஆய்வுக்கு வந்தார்கள். அதற்குள் டிக்கெட் வரிசை ரோடு வரை போய்விட்டது. காகிதங்களைப் பார்த்தார்கள், ராட்டினத்தைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார்: “நல்லா ஓடுமா?”

“ஓடும் சார்.”

வேறு என்ன சொல்ல? அவர் போனபின் வழக்கப்படி மூன்று ரவுண்டு வெறுமனே ஓட்டினேன். இரண்டாவது ரவுண்டில் ஒரு சத்தம். ‘டக்’ என்று ஒன்று, அவ்வளவுதான். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. மூன்றாவது ரவுண்டில் மறுபடி அதே இடத்தில். நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவந்து பார்த்தேன். ஏழாம் நம்பர் பெட்டி தொங்குகிற பின்னில் காட்டர் பின் இல்லை. சுண்டுவிரல் நீளக் கம்பி, அதை நுழைத்து இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இருட்டில் ஒருவன் நுழைத்திருக்கிறான், மடக்கவில்லை. அது எங்கேயோ உதிர்ந்துவிட்டது. பெரிய பின் அரை அங்குலம் வெளியே நகர்ந்திருந்தது.

இருபது பெட்டியையும் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏலதாரர் என்னைப் பேசாத பேச்சில்லை. வரிசையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். அப்புறம் ஓட்டினோம். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால் அதற்கு உங்களிடம் கோப்பும் இல்லை.

இதில் எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். மடக்காமல் விட்டது எங்கள் பையன். அவனை ராத்திரி முழுக்க வேலை வாங்கியது எங்கள் முதலாளி. சில ஊரில் உத்தரவு வருவதற்கு முன்பே நட்டுவிட்டுக் காத்திருப்பதும் உண்டு, அதுவும் தப்புதான். ஆனால் முதலாளியின் கணக்கையும் பாருங்கள். ஏலதாரரிடம் எட்டு நாளுக்கும் இட வாடகை கட்டியாகிவிட்டது. ஒரு நாள் போனால் அதை மிச்ச நாளில்தான் எடுக்க வேண்டும். அப்போது ரவுண்டு கூடும், பெட்டிக்கு ஐந்து பேர் ஏறுவார்கள், ராத்திரி ஒரு மணி வரை ஓடும். கொள்ளை லாபம் என்று நினைக்காதீர்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ராட்டினத்துக்கும் குடை ராட்டினத்துக்கும் 28 சதவீதம் போட்டார்கள். மறுவருஷம் ஜனவரியில்தான் 18 ஆனது. மரக்குதிரைக்கு 28 சதவீதம் வரி என்று அப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

திருவிழா என்ன திடீரென்று வருகிற புயலா? தேனி வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரைக் கடைசிச் செவ்வாயில் தொடக்கம். தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29. அந்தியூர் குருநாதசாமிக்கு ஆடி, குலசேகரன்பட்டினத்துக்குத் தசரா, விருதுநகருக்குப் பங்குனிப் பொங்கல். எங்கள் வருஷமே இப்படித்தான் ஓடுகிறது. என் பெண் பிறந்த தேதியைக் கேட்டால் என் மனைவி “அந்தியூரில் குதிரைச் சந்தை நடந்த வாரம்” என்றுதான் சொல்வாள். பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிட்ட நாளுக்கு, ஏலத்தை ஒரு மாதம் முன்னால் முடித்து, எல்லாத் துறையையும் ஒரே நாள் ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்க முடியாதா? தேர்தலுக்கு எப்படி உட்காருகிறீர்கள்!

ஒரு விபத்து நடந்தால் உங்களுக்கு வேகம் வந்துவிடுகிறது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் மொகாலிப் பொருட்காட்சியில் கோபுர ராட்டினம் ஆட்களோடு மேலிருந்து விழுந்தது. அந்த மாதிரிச் செய்தி வந்தால் மறுநாள் இங்கே ஏதாவது ஓர் ஊரில் எங்களை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிறுத்தி வைத்த நாளில் யாராவது வந்து ராட்டினத்தைப் பார்த்தார்களா என்றால், இல்லை. பரபரப்பு அடங்கியதும் அதே காகிதத்தில் அதே கையெழுத்து.

பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் வராதீர்கள், வெளிச்சத்தில் வாருங்கள். மேலே பார்ப்பதற்கு முன்னால் குனிந்து கட்டையைப் பாருங்கள். மழை பெய்திருந்தால் மறுபடியும் வாருங்கள். ஒரு பக்கப் பெட்டிகளில் மட்டும் மணல் மூட்டை ஏற்றி, மேலே கொண்டுபோய் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றால் நல்லது. வழுக்கினால் வடம் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. ஜெனரேட்டரின் எர்த் கம்பி மண்ணுக்குள் போகிறதா அல்லது சும்மா சுருட்டிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக என்னைக் கூப்பிட்டு, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். 31 வருஷத்தில் ஓர் அதிகாரிகூட இதைக் கேட்டதில்லை. ராட்டினத்தில் எல்லா இரும்பையும்விட அதிகமாகத் தேய்வது லிவர் பிடிக்கிறவன் கண்தான்.

ஏன் என்றால் இந்த வேலையே கண்ணால்தான். ஆட்களை ஏற்றும்போது பெட்டிகளை வரிசையாக நிரப்பக்கூடாது. கீழே ஒரு பெட்டி நிரப்பினால் அரைச் சுற்று சுற்றி எதிர்ப்பக்கத்தில் ஒன்று நிரப்ப வேண்டும். எடையைத் தராசில் போடுவதில்லை, நடந்து வரும்போதே மனதில் போட்டுவிடுவேன். கல்யாணமான புதுசு என்றால் இரண்டு பேர், இரண்டு குழந்தையோடு வந்தால் மூன்று ஆள் எடை, கல்லூரிப் பையன்கள் நாலு பேர் என்றால் நேர் எதிரே இன்னொரு கூட்டம் வேண்டும். கணக்குப் பிசகினால் ஒரு பக்கம் கனத்து, இறங்கும்போது சக்கரம் இழுக்கும், அதை லிவரில் உணரலாம். “அக்கா, சடையை முன்னால போட்டுக்குங்க, துப்பட்டாவை முடிஞ்சுக்குங்க.” ஒரு ராத்திரியில் இதை எத்தனை தரம் சொல்வேன் என்று எண்ணியதில்லை. அந்தப் பெண்கள் சிலர் முறைப்பார்கள். முறைத்தாலும் பரவாயில்லை, காற்றில் பறக்கிற முடி அச்சுப் பக்கம் போனால் இரண்டு நொடி போதும்.

இதையெல்லாம் எனக்கு அப்பா சொல்லித்தந்தார், பாதியை அடிபட்டுக் கற்றேன். ராட்டினங்களுக்கு ஐ.எஸ். 15475 என்று இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறதாம், ஒரு பொறியாளர் சொல்லித்தான் தெரியும். அதைத் தமிழில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி, நாலு பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். இந்தியிலும் கொடுங்கள், இப்போது பாதிப் பேர் வடக்கத்திப் பிள்ளைகள். ஜெனரேட்டர் பெட்டியில் ஒட்டிவைப்போம்.

ஓசி பாஸ் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சரி, ஒரு வரி. பாஸ் கேட்கட்டும், தருகிறோம். ஆனால் ‘ஐயா வீட்டிலிருந்து’ என்று பதினெட்டு பேர் வந்து எல்லாரும் ஒரே பக்கத்தில்தான் உட்காருவோம் என்று நின்றால், எதிர்ப்பக்கத்துக்கு நான் எங்கே போவேன்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நாங்கள் ஒரு பங்குனித் திருவிழாத் திடலில் மாட்டிக்கொண்டோம். நட்ட ராட்டினத்தைப் பிரிக்க முடியவில்லை, ஊருக்கும் போக முடியவில்லை. பதினேழு பேரும் ராட்டினத்துக்கு அடியிலேயே தார்ப்பாய் கட்டிக் கிடந்தோம். அந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வாரா வாரம் அரிசி வந்தது. கேட்கவே இல்லை, வந்தது. கொண்டுவந்த கிராம உதவியாளர் ஒரு நாள் மேலே பார்த்து, “இது சும்மா நின்னாலும் கெட்டுப்போகுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கெட்டுப்போகும் அண்ணே, அச்சில் கிரீஸ் காய்ந்தால் துரு ஏறும் என்றேன். அதிலிருந்து அரிசி கொண்டுவரும் நாளில் எல்லாம் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட அவரும் ஒரு கை கொடுத்தார்.

வரும் சித்திரைக்கு எங்கள் லாரிகள் உங்கள் மாவட்டம் ஏதோ ஒன்றில் நிற்கும். உத்தரவு நேரத்துக்கு வந்துவிட்டால், திருவிழாவுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ராட்டினம் காலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது வாருங்கள். ரசமட்டத்தை நானே எடுத்துத் தருகிறேன், குமிழி எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
ராட்டினம் ஓட்டுகிறவன்